பதின்மூன்று எழுத்து

சின்சினாட்டியில், ஏலக் கடையின் நிலவறையில்
இருபத்தாறு வருஷமாக எனக்கு ஒரே வேலை:
மை பொய் சொல்கிறதா என்று பார்ப்பது.

எல்வுட் டன்மோர் என்றால் உங்களுக்கு
அஞ்சல்தலையில் ஒரு முகம், விமான நிலையத்துக்கு ஒரு பெயர்.
எனக்கு அவர் பதின்மூன்று ஆங்கில எழுத்து.
முதல் பெயரின் நடுவே அடுத்தடுத்து இரண்டு வட்டம்.
அந்த வட்டங்களில்தான் அவர் வாழ்க்கையைப் படித்தேன்.

பன்னிரண்டு வயதில், நெப்ராஸ்காவில்,
பள்ளிப் பரிசுப் புத்தகத்தின் முதல் பக்கம்:
இரண்டும் மூடியிருக்கின்றன,
கீறல் விழாத முட்டை போல.
இருபத்து மூன்றில் ஒரு கடன் பத்திரம்,
தீவனக் கடை வைக்க எண்ணூறு டாலர்.
கடை பதினோரு மாதத்தில் படுத்துவிட்டது.
பேனா அழுந்திய தடம்
தாளின் பின்பக்கத்தைத் தடவினால் இன்னும் விரலில் தட்டும்.

மாவட்ட வழக்கறிஞரானபோது ஒரு வட்டம் திறந்துகொண்டது.
ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார்;
அந்த வருஷக் கடிதங்களில் மட்டும்
கடைசி எழுத்து கீழே சரிந்து கிடக்கிறது.
செனட்டுக்குப் போனதும் இரண்டாவது வட்டமும் போயிற்று.
வெள்ளை மாளிகையில் பெயரே இல்லை.
ஒரு கோடு. தூரத்தில் ரயில் போகிற மாதிரி.

ஒரே ஒரு விதிவிலக்கு.
ஆற்றுநீர்ச் சட்டத்தில் ஒப்பமிட்ட அன்று
எழுத்துக்கு ஒன்றாகப் பதின்மூன்று பேனா,
சுற்றி நின்ற பதின்மூன்று பேருக்கும் பரிசு கொடுக்க.
பேனா மாற்றியாக வேண்டுமே,
ஜனாதிபதி தன் பெயரை முழுசாக எழுதினார்,
எட்டு வருஷத்தில் அந்த ஒரு தரம்.

போன வியாழக்கிழமை
கென்டக்கியிலிருந்து பஸ்ஸில் வந்தார் வெர்லீன் ஸ்டாம்பர்.
ரொட்டி சுற்றும் மெழுகுத்தாளுக்குள் ஒரு கடிதம்.
அண்ணன் டாய்ல் போரில் செத்ததற்கு வந்த இரங்கல்.
நாலு வரி. கீழே அந்தக் கோடு.

விளக்கு மேசையில் அதை வைத்து,
அதே மாதம் வேறொரு வீட்டுக்குப் போன கடிதத்தை
அதன் மேல் வைத்தேன்.
மயிரிழை பிசகவில்லை.
மனிதக் கை ஒன்றுபோல் இருமுறை எழுதாது.
இயந்திரம் எழுதும்.
நாளுக்கு மூவாயிரம் எழுதும்.

"விலை போகாது, அம்மா."
"விற்க வரலை. அவர் தொட்டாரா,
அதைக் கேட்கத்தான் வந்தேன்."
"இல்லை."

தலையாட்டினார், ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோல.
"டாய்ல் பெயரையே தப்பாகத்தான் போட்டிருந்தார்கள்.
எங்கம்மா திருத்தி வைத்தாள்."
உருப்பெருக்கியைக் கொண்டுபோனேன்.
பெயரின் கடைசியில் ஓர் எழுத்து,
பென்சிலில், பொடிசாக, நெருக்கிக்கொண்டு.
இருபத்தாறு வருஷக் கண் அதைத் தவறவிட்டிருந்தது.

டாய்லின் தலையெழுத்து வேறொரு தாள்.
படையை அனுப்பும் உத்தரவு.
அதில் அவர் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.
ஆவணக் காப்பகத்தில், கண்ணாடிக்குள் இருக்கிறது.
அது அசல்தானா என்று
என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று என் இழுப்பறையில் இருக்கிறது.
பதவி முடிந்து, பக்கவாதம் வந்து,
இடது கையால் அவர் எழுதிய காசோலை,
கதவுக் கீலுக்காக இரும்புக் கடைக்கு ஆறு டாலர்.
வட்டங்கள் இரண்டும் மறுபடி மூடியிருக்கும்.
வெர்லீனுக்கு அதைக் காட்டவில்லை.
காட்டினால் ஆறுதலாகிவிடும்.

"இது அவர் கையெழுத்து அல்ல" என்று
சான்றிதழ் எழுதிக் கீழே ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.
கண்ணருகே பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.
"இதில் உங்கள் பெயர் எங்கே?"

வேறு தாள் எடுத்தேன்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
பஸ் நாலரைக்கு.